கண்ணுக்குப் புலப்படாத இயலாமையும் நீல அட்டையும்



‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பது நம் முன்னோர் மொழி. இம்முதுமொழி உணர்த்தும் உண்மையை ஒரு நாட்டின் ஊர்திச் சட்டம் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னரே ஏற்றுக்கொண்டது என்றால் வியப்பாக இருக்கும். இங்கிலாந்து நாட்டில் இயலாமை உடையோர்க்கு ஊர்தி நிறுத்தச் சலுகை தரும் ‘புளூ பேட்ஜ்’ என்னும் நீல அட்டையின் கதை அதுவாகும்.

நம் கல்லூரியில் பயின்றோரும் நம் ஜமாஅத்துகளைச் சேர்ந்தோரும் மருத்துவராகவும் செவிலியராகவும் கணினித் துறையினராகவும் அந்நாட்டில் குடும்பத்துடன் வாழ்ந்து வருகின்றனர். அவர்களுக்குப் பயன்படும் என்பது ஒருபுறமிருக்க, அந்த அட்டைக்கு விண்ணப்பிக்கும் முறையில் நாம் அனைவரும் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி ஒன்று உள்ளது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு குடும்பம்

நமக்கு நெருங்கிய குடும்பம் ஒன்று இங்கிலாந்தில் வாழ்கிறது. அவர்களின் மூத்த மகனுக்கு அப்போது எட்டு வயது. கை கால்களில் எக்குறையும் இல்லை, நன்றாக ஓடுவான். அவனுக்கு ‘ஆட்டிசம்’ என்னும் நிலை உள்ளதென மருத்துவர்கள் உறுதி செய்திருந்தனர். பேருந்தின் பிரேக் ஒலி கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு நடுச்சாலையில் அமர்ந்துவிடுவான். பிடித்த கையை உதறிவிட்டு, வரும் ஊர்தியைப் பாராமல் ஓடுவான். ஊர்தி நிறுத்துமிடத்திலிருந்து மருத்துவமனை வாயிலுக்குச் செல்லும் ஐந்து நிமிட நடை, அவன் பெற்றோர்க்குச் சில நாட்களில் அரைமணி நேரப் போராட்டமாக முடிந்தது.

அவர்கள் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது ஒரு நிக்காஹ் விருந்தில் பெரியவர் ஒருவர் அச்சிறுவனின் கன்னத்தைத் தட்டி, “என்ன தம்பி, புள்ள நல்லாத்தானே இருக்கான்! இதுக்குப் போயி ஏன் கவலைப்படுறிய?” என்று தந்தையிடம் கேட்டார். அன்பினால் கேட்ட கேள்விதான். ஆயினும் அத்தாய் தலையைக் கவிழ்த்துக்கொண்டதை நாம் கண்டோம். பார்வைக்கு நலமாகத் தோன்றுவதே அச்சிறுவனுக்கு ஒரு தடையாக இருந்தது.

அட்டை பிறந்த வரலாறு

1970ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பாராளுமன்றம் ‘நாட்பட்ட நோயாளர் மற்றும் இயலாதோர் சட்டம்’ என்னும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆல்ஃப் மோரிஸ் என்னும் தொழிற்கட்சி உறுப்பினர் தனி உறுப்பினர் மசோதாவாகக் கொணர்ந்து வெற்றி கண்ட சட்டம் அது. பின்னர் 1974இல் இயலாமை உடையோர்க்கென அந்நாட்டில் முதன்முதலாக அமர்த்தப்பட்ட அமைச்சரும் அவரே. அச்சட்டத்தின் 21ஆம் பிரிவு, நடக்க இயலாதோரின் ஊர்திக்கு உள்ளாட்சி மன்றங்கள் அடையாள அட்டை வழங்க வழிசெய்தது. 1971இல் நடைமுறைக்கு வந்த அவ்வட்டை அன்று ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. ஐரோப்பிய நாடுகளின் பொது மாதிரியை ஒட்டி 2000ஆம் ஆண்டில் அது நீல நிறம் பெற்றது.

அட்டையின் முகப்பில் சக்கர நாற்காலியின் உருவம் உள்ளது. உலகெங்கும் அறியப்பட்ட அச்சின்னத்தை 1968இல் வரைந்தவர் சூசன் கோஃபோட் என்னும் டென்மார்க் நாட்டு மாணவி ஆவார். நன்னோக்கத்தோடு பிறந்த சின்னமே அது. எனினும், இயலாமை என்றாலே சக்கர நாற்காலிதான் என்னும் எண்ணம் மக்கள் மனத்தில் ஊன்றுவதற்கு அதுவும் ஒரு காரணமாயிற்று எனலாம்.

இவ்வாறு பல்லாண்டுகள் இச்சலுகை பெரும்பாலும் உடல் சார்ந்த இயலாமையைச் சுற்றியே அமைந்திருந்தது. கால்கள் நலமாக இருந்தும் உள்ளத்தின் அச்சத்தாலோ அறிவாற்றல் குறைவாலோ பாதுகாப்பாக நடக்க இயலாதோர், தம் நிலையை விதிகளுக்குள் பொருத்திக் காட்ட வழியின்றித் தவித்தனர்.

2019இல் நேர்ந்த மாற்றம்

பிரிட்டனின் பிற பகுதிகள் இத்துறையில் முந்திக்கொண்டன. வேல்ஸ் 2014இல் அறிவாற்றல் குறைபாடு உடையோர்க்கும் அட்டையை விரிவுபடுத்தியது. ஸ்காட்லாந்து 2016இல் சோதனை முறையாக ஒரு திட்டத்தைத் தொடங்கியது. இங்கிலாந்தில் 2018இல் மக்கள் கருத்துக் கேட்கப்பட்டு, 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன.

அவ்விதிகளின் உயிர்நாடி யாதெனில், அவை கேள்வியையே மாற்றி அமைத்தமையாகும். முன்பு ‘இவர் உடலில் என்ன குறை?’ என்று நோக்கிய சட்டம், இப்போது ‘இவர் ஒரு பயணத்தின்போது நடந்து செல்கையில் என்ன நேர்கிறது?’ என்று கேட்கிறது. நிலைத்த, கடுமையான இயலாமை ஒன்றால் ஒருவர் பயணத்தின்போது நடக்கவே இயலாமல் போகலாம். நடப்பதில் மிகுந்த இடர்ப்பாடு உறலாம். நடக்கையில் தமக்கோ பிறர்க்கோ கடுந்தீங்கு நேரும் நிலையில் இருக்கலாம். இவற்றுள் ஒன்று பொருந்தினும் அவர் கருதப்படுவார். மிகுந்த இடர்ப்பாடு என்பதனுள் மிகுந்த உளத்துன்பமும் அடங்கும் என்பதை விதி வெளிப்படையாகவே கூறுகிறது.

தகுதி இரு வகை

விண்ணப்பிப்போரை இரு வகையினராகப் பிரிக்கலாம். முதல் வகையினர் வேறு ஆய்வின்றியே தகுதி பெறுவோர். பார்வை முற்றும் அல்லது பெரிதும் இழந்தோராகப் பதிவு பெற்றவர்களும், ‘டி.எல்.ஏ.’ எனப்படும் உதவித்தொகையில் நடமாட்டப் பகுதியின் உயர் விகிதம் பெறுவோரும் இவ்வகையினர். வயது வந்தோர்க்கான ‘பிப்’ எனப்படும் உதவித்தொகையில் நடமாடும் ஆற்றலுக்காக 8 புள்ளிகளோ அதற்கு மேலோ பெற்றோரும் இதில் அடங்குவர்.

உளம் சார்ந்த இயலாமை உடையோர் கருத்தில் கொள்ளவேண்டிய நுட்பம் ஒன்று ஈண்டு உள்ளது. அதே ‘பிப்’ தொகையில் ‘பயணத்தைத் திட்டமிட்டு மேற்கொள்ளுதல்’ என்னும் பிரிவு உண்டு. அதில், தாங்க இயலாத உளத்துன்பம் ஏற்படுவதால் எப்பயணமும் மேற்கொள்ள இயலாதவர் என்னும் கூற்றின்கீழ் 10 புள்ளிகள் பெற்றவர் நேரடியாகத் தகுதி பெறுகிறார். அதே பிரிவில் வேறு கூற்றின்கீழ் 12 புள்ளிகள் பெற்றவர் அவ்வாறு பெறுவதில்லை. புள்ளி கூடுதலாக இருப்பதால் அட்டை தானே வந்துவிடும் என்று எண்ணி ஏமாறுவோர் உளர். எண்ணிக்கையை மட்டும் பாராமல், முடிவுக் கடிதத்தில் எழுதியுள்ள கூற்றினைப் படித்துப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாம் வகையினர் ஆய்வுக்குப் பின் தகுதி பெறுவோர். முதல் வகையில் சேராதோர் எல்லாரும் இவ்வழியில் விண்ணப்பிக்கலாம். அவர்களின் நிலை குறைந்தது மூன்றாண்டுகளேனும் நீடிக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும். பதினாறு வயதுக்குட்பட்ட சிறார்க்கு ‘பிப்’ கிடையாது, ‘டி.எல்.ஏ.’ மட்டுமே உண்டு. நாம் மேலே கூறிய சிறுவன் அத்தொகையில் நடமாட்டப் பகுதியின் குறைந்த விகிதமே பெற்றிருந்தான். ஆதலால் அவன் இரண்டாம் வகையில் விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று.

விண்ணப்பிக்கும் முறை

விண்ணப்பத்தை அரசின் இணையதளம் வாயிலாக நிரப்பலாம். ஆனால் முடிவு செய்வது நடுவண் அரசன்று. விண்ணப்பிப்பவர் வாழும் பகுதியின் உள்ளாட்சி மன்றமே. மக்கள் வழக்கில் ‘கவுன்சில்’ என்பர். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, அண்மையில் எடுத்த நிழற்படம், தேசியக் காப்பீட்டு எண் இருப்பின் அந்த எண், உதவித்தொகை பெறுவோராயின் அதன் முடிவுக் கடிதம் ஆகியன வேண்டும். சிறார்க்குப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். இங்கிலாந்தில் கட்டணம் 10 பவுண்டுக்கு மேற்படாது. அட்டை மூன்றாண்டுகள் வரை செல்லும். பின்னர் மீண்டும் விண்ணப்பித்தல் வேண்டும். முடிவு தெரியப் பன்னிரண்டு வாரங்களோ அதற்கு மேலோ ஆகலாம். எனவே பழைய அட்டை முடியும் வரை காத்திராமல் முன்கூட்டியே தொடங்குதல் நன்று.

அட்டை பெறுபவர் ஊர்தி ஓட்டத் தெரிந்தவராக இருத்தல் வேண்டுமென்பதில்லை. அட்டை ஊர்திக்கு உரியதன்று, மனிதருக்கு உரியது. அவர் எவ்வூர்தியில் பயணம் செய்கிறாரோ அவ்வூர்தியில் அதனை வைத்துக்கொள்ளலாம்.

எழுதவேண்டியது எது?

அக்குடும்பத்தின் முதல் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. தந்தை அதன் படியை நமக்குக் காட்டினார். மகனின் இயலாமை எவ்வாறு பயணத்தைப் பாதிக்கிறது என்னும் கேள்விக்கு எதிரே அவர் எழுதியிருந்தது இரண்டே வரிகள்: மகனுக்கு ஆட்டிசம் உள்ளது; மருத்துவர் சான்று இணைக்கப்பட்டுள்ளது. அவ்வளவுதான்.

நோயின் பெயர் அட்டையைப் பெற்றுத் தருவதில்லை. ஒரே பெயருடைய நிலை ஒருவரைச் சிறிதும் மற்றொருவரைப் பெரிதும் பாதிக்கக்கூடும். ஆட்டிசம் உடையோர் எல்லாரும் சாலையில் ஓடுவதில்லை. அச்ச நோய் உடையோர் எல்லாரும் நடக்க இயலாமல் நின்றுவிடுவதில்லை. ஆகவே கவுன்சில் அறிய விரும்புவது பெயரையன்று, நிகழ்வையே. ஊர்தியிலிருந்து இறங்கியபின் என்ன நேர்கிறது? எத்துணை முறை நேர்கிறது? உடன் செல்பவர் என்ன செய்கிறார்? கையைப் பிடித்தல், காதுக்கு ஒலி மறைப்பான் அணிவித்தல், கூட்டமில்லா நேரத்தில் செல்லுதல் முதலிய முறைகளைக் கையாண்டும் பயன் உண்டா, இல்லையா? உட்கொள்ளும் மருந்துகள் யாவை? எந்த வல்லுநர்கள் அவரைக் கவனித்து வருகின்றனர்? விண்ணப்பத்தின் கேள்விகள் இவற்றையே சுற்றி வருகின்றன.

ஆய்வினைச் செய்யும் வல்லுநர் அந்நிலையை நன்கு அறிந்தவராக இருத்தல் வேண்டும். உளநல மருத்துவர், தொழில்வழிச் சிகிச்சையாளர், சிறப்புக் கல்வி ஆசிரியர் போன்றோர் எழுதிய அறிக்கைகளை இணைப்பது பயன் தரும். அவ்வறிக்கையும் நோயின் பெயரோடு நின்றுவிடாமல் நடையின்போது ஏற்படும் இடர்ப்பாட்டைக் கூறுமாயின் மிக்க பயனுடையது.

“ஏன் இவ்வளவு சுருக்கமாக எழுதினீர்கள்?” என்று நாம் கேட்டபோது தந்தை மௌனமாக இருந்தார். தாயே விடை கூறினார்: “என் புள்ளயப் பத்தி நானே இப்படியெல்லாம் எழுதிக் குடுக்கலாமா? எழுதினா அது அப்படியே நின்னுடுமே.”

அவ்விடையில் நம் சமுதாயத்தின் நெடுநாள் வழக்கம் முழுவதும் அடங்கியுள்ளது. குறையை மறைத்தலே அன்பு என்று நாம் கருதுகிறோம். பெண் பார்க்க வருவோர் அறியலாகாது, ஊரார் அறியலாகாது, உறவினர் அறியலாகாது என்று பொத்திப் பொத்தி வைக்கிறோம். பெற்றோர் பிள்ளையின் நல்ல நாட்களை எண்ணியே வாழ விரும்புவர், அது குற்றமன்று. ஆனால் விண்ணப்பமோ கெட்ட நாட்களைக் கேட்கிறது. கண்ணுக்குத் தெரியும் இயலாமையைச் சொல்லாமலே பிறர் அறிவர். கண்ணுக்குத் தெரியாததைச் சொன்னாலன்றி யாரும் அறியார், சட்டமும் அறியாது.

அதன்பின் அவர்கள் இரண்டு வாரங்கள் ஒரு குறிப்பேடு வைத்தனர். வெளியே சென்ற ஒவ்வொரு முறையும் நாள், இடம், நடந்த தொலைவு, நேர்ந்தது என்ன என்பவற்றை எழுதினர். நல்ல நாளை நல்ல நாள் என்றே எழுதினர். ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளி வாயிலில் அவன் தாயின் கையைக் கடித்துவிட்டுச் சாலைக்கு ஓடியதையும், முன்பின் அறியாத ஒருவர் அவனைப் பிடித்து நிறுத்தியதையும் எழுதினர். அதனை எழுதும்போது அத்தாய் அழுதாராம். மிகைப்படுத்தாமலும் மறைக்காமலும் எழுதிய அக்குறிப்புகளுடனும் பள்ளி ஆசிரியரின் கடிதத்துடனும் அனுப்பிய இரண்டாம் விண்ணப்பம் ஏற்கப்பட்டது.

மறுக்கப்பட்டால்

முதல் மறுப்போடு மனம் தளர்ந்துவிடுதல் கூடாது. மறுப்பின் காரணத்தைக் கவுன்சில் தெரிவித்தல் வேண்டும். அதனைப் படித்து, விடுபட்ட சான்றுகளைச் சேர்த்து, முடிவை மறுஆய்வு செய்யுமாறு எழுத்து மூலம் வேண்டலாம். நிலை கடுமையாயின் புதிதாக விண்ணப்பிக்கலாம். உதவித்தொகை மறுப்புக்கு உள்ளதுபோல் இதற்கென மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இல்லை. ஆயினும் கவுன்சில் தன் கடமையை முறையாகச் செய்யவில்லை எனில், அதன் முறையீட்டு வழிகளை முடித்தபின் உள்ளாட்சி குறைதீர்ப்பு அலுவலரான ‘ஆம்பட்ஸ்மன்’ அவர்களை நாடலாம்.

அட்டை ஓர் அமானிதம்

அட்டை உடையோர் சாலையோரத்தில் இயலாமை உடையோர்க்கென ஒதுக்கிய இடங்களில் நிறுத்தலாம். மஞ்சள் கோடுகள் உள்ள இடங்களில், சரக்கு ஏற்றி இறக்கத் தடை இல்லாதவிடத்து, இங்கிலாந்தில் மூன்று மணி நேரம் வரை நிறுத்தலாம். அப்போது அட்டையுடன் வந்த நேரம் காட்டும் கடிகாரத் தட்டையும் வைத்தல் வேண்டும். மத்திய லண்டனின் சில பகுதிகளுக்குத் தனி விதிகள் உண்டு. கடைகள், மருத்துவமனைகள் போன்றவற்றுக்குச் சொந்தமான நிறுத்துமிடங்களில் அவற்றின் விதிகளையே பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

அட்டைக்குரியவர் பயணத்தில் இல்லாதபோது வேறொருவர் தம் வசதிக்காக அதனைப் பயன்படுத்துதல் குற்றம். 1,000 பவுண்டு வரை தண்டம் விதிக்கப்படலாம். சட்டத்தின் தண்டம் ஒருபுறமிருக்க, மார்க்கம் நமக்குக் கற்பித்த அமானிதம் என்னும் சொல்லே இங்குப் போதுமானது. மகனின் அட்டையை வைத்துக்கொண்டு தந்தை தனியே கடைக்குச் சென்றால், வேறொரு தாயின் பிள்ளைக்குரிய இடத்தை அவர் பறித்தவராகிறார்.

பார்ப்போர் கடமை

அட்டை கிடைத்த பின்னரும் ஒரு துன்பம் எஞ்சியிருந்தது. ஒரு கடை வாயிலில் அக்குடும்பம் ஊர்தியை நிறுத்தி இறங்கியபோது, வழிப்போக்கர் ஒருவர் சிறுவனின் கால்களையும் சக்கர நாற்காலிச் சின்னத்தையும் மாறி மாறிப் பார்த்து, சுடுசொல் கூறிச் சென்றாராம். அவர் ஒதுக்கிய இடத்தைக் காக்கவே எண்ணியிருக்கலாம். ஆனால் விசாரியாமல் தீர்ப்புக் கூறிவிட்டார்.

இதனை அயல்நாட்டார் குறையென்று ஒதுக்கிவிட இயலாது. விருந்தில் ‘நல்லாத்தானே இருக்கான்’ என்ற சொல்லும் அதே மரத்தின் கிளைதான். திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் பிறரைக் குறித்த வீண் ஐயங்களைத் தவிர்க்குமாறு நம்மைப் பணிக்கிறது. ‘அபஸ’ என்னும் 80ஆம் அத்தியாயமோ பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் வந்த நிகழ்ச்சியோடு தொடர்புடையது என்பதை நம் பெரியோர் அறிவர். இயலாமை உடையவரின் வருகை ஒருபோதும் சிறியதன்று என்னும் பாடம் நமக்குப் புதியதன்று. நம் நாட்டிலும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 நிலைகளை ஏற்றுள்ளது. ஆட்டிசம், மனநோய், கற்றல் குறைபாடு ஆகியன அவற்றுள் அடங்கும். சட்டம் ஏற்றுக்கொண்டதை நம் உள்ளமும் ஏற்றல் வேண்டும்.

நிறைவாக

நீல அட்டை என்பது வாயிலுக்கு அருகே சில அடி இடம் தரும் சிறு அட்டையே. அதனால் அச்சிறுவனின் ஆட்டிசம் நீங்கிவிடவில்லை. ஆனால் ஐந்து நிமிட நடை ஒரு நிமிடமாயிற்று. சாலையின் ஆபத்து குறைந்தது. மருத்துவரைக் காணும் நாளை அத்தாய் அஞ்சாமல் எதிர்நோக்கலானார். அந்தச் சில அடி இடத்தைப் பெறுவதற்கு அவர்கள் செய்ததெல்லாம் உள்ளதை உள்ளவாறு எழுதியதுதான்.

ஆதலின், இத்தகைய பிள்ளைகளைப் பெற்றோர் மறைக்காமல் கூறுக. கேட்போர் ஐயுறாமல் செவிமடுக்க. ஆங்கிலம் அறிந்த மாணவச் செல்வங்கள், படிவத்தின் முன் தயங்கி நிற்கும் ஒரு தாய்க்கு அருகமர்ந்து எழுதி உதவுக. தாம் கற்ற கல்விக்கு அவர்கள் செய்யும் நன்றி அதுவாக அமையும்.